கட்டுரைக்குத் திட்டமிடல்

கட்டப்பட்ட உரையே கட்டுரை. மனத்தில் தோன்றியவற்றை வரிசையின்றி எழுதினால் அவை குறிப்புகளாக நிற்குமேயன்றிக் கட்டுரை ஆகா. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று பகுதிகளை மாணவர் அனைவரும் அறிவர். அவற்றுள் எதை வைப்பது, எதை விடுவது என்பதே கடினம். ‘பெங்களூரில் திருவள்ளுவர் சிலை’ என்னும் தலைப்பைக் கொண்டு இதனைக் காண்போம்.

முதலில் செய்திகளைத் திரட்ட வேண்டும். அல்சூர் ஏரிக்கு அருகில் அமைந்த இச்சிலை 1991ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட இருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் 18 ஆண்டுகள் மூடப்பட்டே இருந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள், கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா முன்னிலையில் தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி அதனைத் திறந்து வைத்தார். நான்கு நாள்கள் கழித்து, ஆகஸ்டு 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்து வைத்தார். வள்ளுவர் பாடியது ஈரடி. சர்வக்ஞர் பாடியது மூன்றடி. திருக்குறளில் 133 அதிகாரங்கள் உள்ளன. அல்சூரைக் கன்னடர் ஹலசூரு என்பர்.

இத்தனையும் ஒரே கட்டுரையில் அடங்க வேண்டியதில்லை. கட்டுரை எவ்வினாவுக்கு விடை கூறப்போகிறது என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘ஒரு சிலையைத் திறக்க இரு சிலைகள் ஏன் தேவைப்பட்டன?’ என்பது நல்ல வினா. இதனைத் தேர்ந்தவுடன் அதிகாரங்களின் எண்ணிக்கையும் ஊர்ப்பெயரும் தாமே விலகிவிடும். அயனாவரம் நடுவிடத்திற்கு வரும். கால வரிசையில் எழுதுவது எளிது. எனினும் அயனாவரத்திலிருந்து தொடங்குவதே சிறப்பு. சென்னையில் கன்னடக் கவிஞருக்குச் சிலை ஏன் என்று படிப்பவர் வியந்து மேலும் படிப்பார்.

இனி, அந்த 18 ஆண்டுகள். அருகில் அமர்ந்திருக்கும் கன்னடத் தோழன் வருந்துவானோ எனக் கருதிச் சில மாணவர் அதனை விட்டுவிடுவர். விட்டால், இரு முதலமைச்சர்கள் கூடியது ஏன் என்பது விளங்காது. வேறு சிலர் சினத்துடன் எழுதுவர். அப்போது செய்தி மறைந்து வசைச்சொல் மட்டுமே எஞ்சும். என்ன நிகழ்ந்தது, எப்போது நிகழ்ந்தது என்பவற்றை மட்டும் எழுதுதல் வேண்டும். அத்தோழனிடம் படித்துக் காட்டும்போது அவனும் ‘ஆம், இவ்வாறுதான் நடந்தது’ என்று ஒப்பினால் அப்பத்தி செம்மையாக அமைந்தது எனக் கொள்ளலாம்.

முடிவுரையில் ‘எனவே அனைவரும் ஒற்றுமையாக வாழ்வோம்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவ்வரி மழைநீர்ச் சேகரிப்புக் கட்டுரைக்கும் பொருந்தும்! தொடக்கத்தில் எழுந்த வினாவுக்குரிய விடையே முடிவுரையில் இடம்பெற வேண்டும்.

தேர்வில் கட்டுரைக்கு 30 நிமிடம் கிடைப்பின், முதல் 5 நிமிடம் இத்திட்டத்திற்கே உரியது.

பயிற்சி

உங்கள் குடும்பம் பெங்களூரில் முதன்முதலில் குடியேறிய பகுதியைப் பற்றி வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு ஏழு செய்திகளைத் திரட்டுக. கட்டுரைக்குரிய வினாவை ஒரு வரியில் எழுதுக. அவ்வினாவுக்குத் தேவையற்ற இரு செய்திகளை அடித்துவிட்டு, ஏனையவற்றைக் கொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.