மலைப் பள்ளியில் ஒரு நாள்: எழுத்தும் எண்ணும்

ஆரம்பப் பள்ளியைப் பார்வையிடச் செல்லும் பஞ்சாயத்து உறுப்பினர், கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, சமையற்கூடம் துப்புரவாக உள்ளதா என்று பார்த்துவிட்டுத் திரும்புவதே பெரும்பாலும் வழக்கம். இவை வேண்டியனவே. ஆயினும் பிள்ளைகள் எழுத்தையும் எண்ணையும் எவ்வாறு கற்கின்றனர் என்பதை அரை மணி நேரமாவது அமர்ந்து நோக்குபவர் சிலரே. ‘அஃது ஆசிரியர் வேலை, நமக்கு என்ன தெரியும்?’ என்னும் கூச்சமே இதற்குக் காரணம். அக்கூச்சம் தேவையில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றை மனத்திற் கொள்வோம். இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்தும் சிறு பள்ளி அது. பிள்ளைகள் மலையாளி எனப்படும் பழங்குடி வகுப்பினர். வீட்டில் பேசுவது தமிழே. எனினும் மலைக்குரிய சொற்களும் ஒலியும் கலந்த தமிழ். சாமை அறுவடையிலும் புளி உலுக்கும் காலத்திலும் வருகை குறையும். பெற்றோர் கூலி வேலைக்கு வெளியூர் செல்லுங்கால் பிள்ளைகளும் உடன் செல்வதுண்டு.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாடம் வெகுதூரம் சென்றிருக்கும். அவன் பின்வரிசையில் அமர்ந்து, மற்றவர் கூவும்போது தானும் கூவுவான். ஐந்தாம் வகுப்பை எட்டும்போது, கரும்பலகையில் உள்ளதை அழகிய கையெழுத்தில் பார்த்தெழுதுவான். எழுதியதைப் படிக்கச் சொன்னால் விழிப்பான்.

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. அப்போது இத்தகைய பிள்ளைகள் சமவெளியிலும் பெருகியிருந்தனர். 2022 ஜூனில் அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. மறு ஆண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். பிள்ளை எந்த வகுப்பு என்பதினும், என்ன அறிந்துள்ளது என்பதைக் கொண்டே குழுவில் சேர்ப்பர். விட்டுச் சென்ற இடத்திலிருந்தே தொடரலாம் என்பதால், மலைப் பிள்ளைகளுக்கு இம்முறை பெரிதும் பொருந்துவது.

காலையில் வாசிப்பு. தமிழ் எழுத்து 247 என்றவுடன் மலைப்பு உண்டாகும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போக, எஞ்சிய 216 உயிர்மெய்யும் சேர்க்கையால் ஆவன. ஆகவே அரும்புக் குழு ‘கல்’, ‘கால்’ என அட்டைகளைப் பிரித்து, ஒரு குறி கூடியதும் ஒலி நீள்வதைக் காண்கிறது. மொட்டுக் குழுவுக்கு ‘மலை’, ‘மழை’. பேச்சில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே ஒலிப்பதால், வேறுபாட்டைக் கண்ணால் பழக வேண்டும். மலர்க் குழு சிறுகதையைப் படித்துத் தன் சொல்லில் கூறுகிறது. (1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததை இங்கே நினைவூட்டலாம். தாத்தா பழைய ‘லை’, ‘னை’ வடிவங்களை எழுதிக் காட்டினால் பேரன் திகைப்பான். தவறு இருவர் மீதும் இல்லை.)

அடுத்து, கணக்கு. 52இல் 27 போக எவ்வளவு? ஒரு சிறுமி 35 என்கிறாள். இது சோம்பல் அன்று. ஏழில் இரண்டு போக ஐந்து, ஐந்தில் இரண்டு போக மூன்று எனப் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் விதியொன்றைத் தானே வகுத்துக்கொண்டாள். ‘தப்பு’ என்று அடித்துத் திருத்தினால் விதி அப்படியே மனத்தில் தங்கும். ஆசிரியர் பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் தந்து, 27 குச்சிகளைக் கேட்கிறார். ஏழு உதிரி இல்லை. சிறிது தயங்கிய பின், அவளே ஒரு கட்டை அவிழ்க்கிறாள். உதிரி பன்னிரண்டாகிறது, ஏழு போக ஐந்து. மீந்த நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. விடை 25.

இக்கணக்குப் பள்ளியோடு நிற்பதன்று. 5,200 ரூபாய் முன்பணம் பெற்ற குடும்பத்துக்குக் கூலியில் 2,700 கழிந்தபின், ‘பாக்கி 3,500’ என்று மேஸ்திரி கூறினால் அங்கேயே மறுக்க இதே கழித்தல்தான் வேண்டும். தவறினால் ஆயிரம் ரூபாய்க்கு வீண் உழைப்பு.

பார்வையிடச் செல்லும் உறுப்பினர் செய்யக்கூடிய சோதனை எளிது. ரேஷன் கடை அறிவிப்போ விதைப் பையோ, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கையில் கொண்டு செல்க. முன்னே நிறுத்தப்படும் கெட்டிக்காரப் பிள்ளையை விட்டு, பின்வரிசைப் பிள்ளையிடம் அன்போடு படிக்கச் சொல்க. பிறகு ஒரு கட்டு அவிழ்க்கும் கழித்தல் தருக. முடியாவிடில் கடிந்துகொள்ள வேண்டா. எந்தக் குழுவில் உள்ளது, எத்தனை நாள் வரவில்லை என்று ஆசிரியரைக் கேட்கலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதியினர் பெண்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. ஆகவே கேட்பது அத்துமீறல் ஆகாது.

ஜூன் மாதத்து முதற்கூட்டத்திலேயே, எந்தக் குடும்பம் எந்த மாதம் வேலைக்குச் செல்லும் என்று பட்டியல் எழுதுதல் நலம். பாட்டியிடம் விடக்கூடிய பிள்ளைகள் யார், மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்க வேண்டியவர் யார் என அப்போதே பேசி முடிக்கலாம். உடன் அழைத்துச் செல்லப்படும் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே, அன்றைய நிலை அரும்பா, மொட்டா, மலரா என்று குறித்து வைத்தால், அவர்கள் திரும்பும் நாளில் ஆசிரியர் அங்கிருந்தே தொடங்குவார்.