பாஸ்ராவில் வேலை: தம்பியை அனுப்பலாமா?

என் தம்பிக்கு ஈராக்கின் பாஸ்ராவில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. விசிட் விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். நம்பி அனுப்பலாமா? – வாசகி, சிவகங்கை

விசிட் விசா என்றதுமே அந்த ஏஜென்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட், வேலை விசா, எழுத்தில் ஒப்பந்தம் மூன்றும் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேச்சு. தம்பி பத்தாம் வகுப்பு தேறாதவரா? ஈசிஆர் (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவைப்படும்) பாஸ்போர்ட் என்றால் ஈராக் செல்லக் குடியேற்ற அனுமதியும் கட்டாயம்.

அடுத்தது பாதுகாப்பு. பாஸ்ரா தெற்கே இருக்கும் எண்ணெய் நகரம். 2014 ஜூனில் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு பிடித்த மோசூல் வடக்கே இருக்கிறது. அங்கே கடத்தப்பட்ட இந்தியக் கட்டுமானத் தொழிலாளர்கள் 39 பேர் கொல்லப்பட்டதை அரசு 2018 மார்ச்சில்தான் உறுதி செய்தது. அதே 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கிய இந்தியச் செவிலியர்கள் 46 பேர் பத்திரமாக ஊர் திரும்பினார்கள்.

சண்டை வந்தால் முதலில் மூடுவது விமான நிலையம். 2023 ஏப்ரலில் சூடானில் அதுதான் நடந்தது. கார்ட்டூமில் இருந்த இந்தியர்கள் 800 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போர்ட் சூடான் போய், அங்கிருந்து கப்பலிலும் விமானத்திலும் ஜெட்டா சேர்ந்தார்கள். எனவே பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுக்காமல் தம்பியே வைத்திருக்கட்டும். கொஞ்சம் டாலரும் கையில் இருக்கட்டும். போய் இறங்கியதும் பாக்தாத் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கம்பெனி எடுக்கும் காப்பீட்டில் போர்ப் பாதிப்புக்கு விலக்கு உண்டா, அவசரமாக வெளியேறினால் செலவு யாருடையது? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒப்பந்த நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.