க்யூ வந்தா முழிக்காதே, தங்கச்சி

ஸ்க்ராபிள்ல ஏழு காயையும் முன்னால வச்சுக்கிட்டு, தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தையை எல்லாம் வரிசையா ஓட்டிப் பாக்கறியே, அதை முதல்ல நிறுத்து. அப்படித் தேடினா விடிஞ்சிடும். கையில இருக்கற கஷ்டமான எழுத்து சொல்லுல எங்க உக்காரும், யாரோட சேரும்னு கேளு. பாதித் தேடல் அங்கயே முடிஞ்சிடும்.

க்யூவையே எடுத்துக்கோ. அதுக்குப் பின்னால யூ வரணும்னு ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்துட்டாங்க. யூ வரலைன்னா க்யூ ஆட்டம் முடியற வரைக்கும் கையிலயே கிடக்கும், கடைசியில பத்து பாயின்ட் போயிடும். ஆனா யூ இல்லாமலும் சொல் உண்டு. ஃபக்கீர், தலாக், புர்கா, நிகாப் நாலுக்குமே யூ துணை இல்லாத க்யூ ஸ்பெல்லிங் இருக்கு. (புர்காவுல யூ இருக்கு, ஆனா க்யூவுக்குப் பின்னால இல்லை.) எல்லாம் உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரிஞ்ச சொல்தான். ஜேயும் அப்படித்தான். இங்கிலீஷ்ல ஜேயில முடியற சொல் ரொம்ப அபூர்வம்னு வெளிநாட்டுக்காரங்க தவிப்பாங்க. நமக்கு ஹஜ், ராஜ், தாஜ் மூணும் சட்டுனு வரும், மூணும் செல்லும். எச் சிக்கிக்கிட்டா லட்சத்தைக் குறிக்கற லாக் இருக்கு, தோத்தி இருக்கு. நெய்யைக்கூட ஜி, எச், ஐ போட்டு மூணே எழுத்துல முடிச்சிடலாம். நம்ம ஊர்ச் சுருட்டு அங்க போய் செரூட் ஆச்சு. அதுல ஏழு எழுத்து. கைக்காய் ஏழையும் ஒரே தடவை இறக்கினா 50 பாயின்ட் கூடுதல்.

அப்புறம் இரண்டெழுத்துச் சொல். இதுல வெக்கமே படாம மனப்பாடம் பண்ணிடு. இங்க புத்திசாலித்தனத்துக்கு வேலை இல்லை. க்யூ-ஐ, இசட்-ஏ, ஜே-ஓ. எக்ஸுக்கு முன்னால ஏ, ஈ, ஓ எது வேணா போடலாம், பின்னால ஐ, யூ போடலாம். இதோட பலனைப் பாரு. பலகையில யாரோ குறுக்குவாட்டுல டாக்ஸி வச்சிருக்காங்க. கடைசி எழுத்து ஐ. அந்த ஐக்கு நேர் மேல இருக்கற கட்டம் மூணு மடங்கு எழுத்துக் கட்டமா அமைஞ்சா, க்யூவை அங்க வை, பக்கத்துல உன் கையில இருக்கற ஐயை வை. மேலேர்ந்து கீழ ஒரு க்யூ-ஐ, இடமிருந்து வலம் ஒரு க்யூ-ஐ. ஒவ்வொண்ணும் 31. ரெண்டே காய் இறக்கி 62 பாயின்ட்! எதிர்ல உக்காந்திருக்கறவங்க முகத்தை அப்போ பாக்கணும்.

வி-க்கு மட்டும் இந்த வழி கிடையாது. அது வர்ற இரண்டெழுத்துச் சொல் ஒண்ணுகூட இல்லை. சொல்லோட கடைசியிலயும் அது அபூர்வமாத்தான் உக்காரும், பெரும்பாலும் பின்னால ஈ வேணும்னு அடம்பிடிக்கும். வி வந்தா சேத்து வைக்காம சீக்கிரம் தள்ளிவிடு.

உயிரெழுத்தே வராத கைக்கு ஒய்தான் காப்பாத்தும்: மித், ஹிம், கிரிப்ட், ரிதம். ஒய்யும் இல்லையா? வாயால போடற சத்தம் இருக்கே! எச்-எம், எஸ்-எச், குளிர்ல நடுங்கற பி-ஆர்-ஆர், ரகசியமாக் கூப்பிடற பி-எஸ்-எஸ்-டி எல்லாமே செல்லும்.

பெரிய சொல்லுக்கு ஒரு பழக்கம் வேணும். காயை வந்த வரிசையிலயே வைக்காதே, அடிக்கடி இடம் மாத்து. ஐ-என்-ஜி, ஈ-ஆர் மாதிரி வால் இருந்தா ஓரமா ஒதுக்கிட்டு மிச்சத்தைப் பாரு. ரீடெய்ன்ஸ்ங்கற ஏழு எழுத்தைக் கலைச்சா நாஸ்டியர் வரும், இன்னொரு தடவை கலைச்சா ஸ்டெய்னர் வரும். பலகையில ஒண்ணுக்கு இடம் இல்லைன்னா இன்னொண்ணுக்கு இருக்கும். எஸ் மொத்தமே நாலுதான், அதை அஞ்சு ஆறு பாயின்ட்டுக்காக வீணாக்காதே. இந்த ஆட்டத்தை உருவாக்கின அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், 1930-கள்ல செய்தித்தாள் பக்கத்துல எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணித்தான் ஈ-க்கு 12 காயும் க்யூவுக்கு ஒண்ணும் கொடுத்தார். எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தெரியணுமேன்னு கவலைப்படாதே. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை ஜெயிச்சப்போ அவருக்கு பிரெஞ்சு பேசவே தெரியாது, சொற்பட்டியலைத்தான் மனசுல ஏத்தியிருந்தார்.

ஒளிஞ்சிருக்கற அஞ்செழுத்துச் சொல்லை ஊகிக்கற வேர்டில் விஷயம் வேற. அங்க பாயின்ட் கிடையாது, ஆறு வாய்ப்புதான். கடைசி நாலு எழுத்தும் பச்சையாகி லைட்டா, நைட்டா, ரைட்டா, ஃபைட்டா, மைட்டா, சைட்டா, டைட்டான்னு நிக்கறப்போதான் பல பேர் கவுந்துடுவாங்க. ஒவ்வொண்ணாப் போட்டா வாய்ப்பு தீந்துடும். ஃபிலிம்ஸ்னு ஒண்ணு போடு. விடை அதுவா இருக்காது, இருக்கட்டும். எஃப், எல், எம், எஸ் நாலையும் ஒரே அடியில சோதிச்சிடும். ஹார்ட் மோடுல மட்டும் இது நடக்காது. அங்க பச்சையான எழுத்தை அதே இடத்துல வச்சாகணும்.

சொல் தேடித் தர்ற தளங்களைப் பத்தி அம்மா முணுமுணுக்கறது எனக்கும் கேக்குது. ஆட்டத்துக்கு நடுவுல போனைத் திறந்தா அது திருட்டு, சந்தேகமே இல்லை. முடிஞ்சப்புறம் திறந்தா படிப்பு. ஒன்லுக் தளத்துல தெரியாத எழுத்துக்கு ஒவ்வொரு கேள்விக்குறி போடு, எத்தனை எழுத்துன்னே தெரியலைன்னா நட்சத்திரக்குறி. மூணு கேள்விக்குறி போட்டு எக்ஸ், ஒய் சேத்தா ப்ராக்ஸி வரும், எபாக்ஸி வரும். உன்னைத் திணறடிச்ச எழுத்தை மட்டும் அன்னிக்குத் தேடிப் பாரு, மொத்தப் பட்டியலையும் புரட்ட வேண்டாம்.

ஆட உக்காரறதுக்கு முன்னால எந்த அகராதின்னு பேசிக்கோ. காலின்ஸ் பட்டியல் பெருசு, அமெரிக்கப் பட்டியல் சின்னது. ஒண்ணுல செல்றது இன்னொண்ணுல செல்லாது. ஓ-கே-யையே அமெரிக்கப் பட்டியல்ல 2018-லதான் சேத்தாங்க. நம்ம சித்தப்பா எந்தப் பட்டியலையும் ஒத்துக்க மாட்டார், அதனால அவரோட ஆடறப்போ பட்டியலைப் பேப்பர்ல பிரின்ட் எடுத்துப் பக்கத்துல வச்சுக்கோ.