கைத்தறிக்குச் சமூக ஊடக விளம்பரம்: பதிவு எழுதும் முறை

உற்பத்தியைப் பெருக்குவதில் காட்டப்பெறும் அக்கறை, உற்பத்தியான பொருளை விற்பதிலும் காட்டப்பெறுதல் வேண்டும். இந்த உண்மை நம் நாட்டுக் கைத்தறித் துறைக்கு மிகவும் பொருந்துவதாகும். 2019-20-இல் நடைபெற்ற நான்காவது அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, 35.22 இலட்சம் பேர் நெசவிலும் அதனைச் சார்ந்த பணிகளிலும் ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். இவர்கள் நெய்த துணி நெடுங்காலமாக வணிகர், கூட்டுறவுச் சங்கம், கண்காட்சி ஆகிய வழிகளிலேயே வாங்குவோரை அடைந்து வந்தது. இன்று கைப்பேசி வேறொரு வழியைத் திறந்துள்ளது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலியவற்றில் படம் காட்டலாம். வாட்ஸ்அப்பில் பேரம் முடிக்கலாம். 2016-இல் தொடங்கப்பெற்ற யு.பி.ஐ. முறையில் பணம் பெறலாம். ஆயினும் வழி திறந்திருப்பதனால் மட்டும் விற்பனை நிகழ்ந்துவிடாது. பதிவில் எழுதப்படும் சொற்களே வாங்குவோரை நிறுத்திப் படிக்கச் செய்கின்றன. அச்சொற்களை அமைக்கும் முறையை ஓர் உதாரணத்தின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சந்தேரியின் நிலை

மத்தியப் பிரதேச மாநிலத்தின் அசோக்நகர் மாவட்டத்திலுள்ள சந்தேரி, மெல்லிய சேலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். பசை நீக்கப்படாத பட்டு நூலைப் பயன்படுத்துவதால் அத்துணிக்கு ஒளி ஊடுருவும் மென்மை கிட்டுகிறது. நாணய வடிவிலான 'அஷ்ரஃபி' புட்டா அதன் மரபு அணிகளுள் ஒன்று. 2005-இல் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

எனினும் சந்தேரி என்னும் பெயரிலேயே விசைத்தறித் துணியும் சந்தைக்கு வருகின்றது. கைத்தறிச் சேலையின் விலையோடு ஒப்பிட விசைத்தறிச் சேலையின் விலை மிகக் குறைவு. கைப்பேசித் திரையில் இரண்டின் படங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். இரு விற்பனையாளரும் "அழகிய சந்தேரி சேலை, சிறந்த தரம்" என்றே எழுதுவார்களாயின், வாங்குவோர் ஒப்பிட்டுப் பார்க்க எஞ்சுவது விலை ஒன்றே. அந்தப் போட்டியில் கைத்தறியாளர் தோற்பது உறுதி. ஆகவே, பல நாள் உழைப்பை விலைக்கு ஏற்றதாக வாங்குவோருக்கு விளக்கிக் காட்டும் பொறுப்பு அந்தச் சில வரிகளின் மேல் விழுகிறது.

பதிவின் உறுப்புகள்

நல்ல பதிவொன்றில் ஐந்து உறுப்புகள் அமைதல் வேண்டும்.

1. முதல் வரி: கைப்பேசித் திரையில் பெரும்பாலும் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே தெரியும், எஞ்சியதைக் காண விரலால் தொட வேண்டும். ஆதலால் வாழ்த்து, நிறுவனத்தின் பெயர், ஆண்டு விழாச் செய்தி ஆகியவற்றால் முதல் வரியை நிரப்பலாகாது. பொருளின் சிறப்பான கூறு ஒன்றை அவ்வரியிலேயே கூறுதல் நலம்.

2. ஒரே கருத்து: ஒரு பதிவில் நூலின் தன்மை, நெசவாளரின் வாழ்க்கை, தள்ளுபடி, புதிய நிறங்கள் அனைத்தையும் அடைத்தால் எதுவும் மனத்தில் நில்லாது. இன்று புட்டாவைப் பற்றி எழுதினால், நூலைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம்.

3. சரிபார்க்கக்கூடிய விவரம்: "உலகத் தரம்", "ஈடு இணையற்றது" போன்ற சொற்களை எவரும் எழுத முடியும். பாவு எந்த நூல், ஊடை எந்த நூல், நீளம் எவ்வளவு, நெய்ய எத்தனை நாள் ஆயிற்று என்பவற்றை அப்பொருளை அறிந்தவரே எழுத முடியும்.

4. விலை: விலையைக் குறிக்காமல், "தனிச் செய்தி அனுப்பவும்" என்று எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. கேட்பதற்குக் கூச்சப்படுவோர் பலர். ஆளுக்கொரு விலை கூறப்படுமோ என்று ஐயுறுவோரும் உளர். விலையையும் அஞ்சல் செலவையும் வெளிப்படையாகக் குறித்தலே ஏற்றது.

5. அடுத்த செயல்: வாங்க விரும்புவோர் என்ன செய்தல் வேண்டும், எப்போது விடை கிடைக்கும் என்பது கடைசி வரியில் தெளிவாக இருத்தல் வேண்டும்.

படமும் சொல்லும் ஒன்றையொன்று தழுவி நிற்றல் வேண்டும். புட்டாவைப் பற்றிய பதிவுக்குச் சேலையின் முழுப் படம் மட்டும் போதாது. புட்டாவின் அண்மைப் படமும் பின்புறப் படமும் தேவை. பகல் வெளிச்சத்தில் எடுத்த படமே நிறத்தை உள்ளவாறு காட்டும். நிறம் மாறித் தோன்றினால் சேலை திரும்பி வரும்; இருவழி அஞ்சல் செலவும் நெசவாளர் தலையில் விழும்.

ஓர் ஒப்பீடு

கற்பனையான இரு பதிவுகளைக் காண்போம். வாங்குவோரின் மொழியில், இந்தியிலோ வேறு மொழியிலோ, எழுதப்பட வேண்டியவை இங்குத் தமிழில் தரப்படுகின்றன.

முதற்பதிவு: "அருமையான சந்தேரி சேலைகள்! உலகத் தரம்! நம்ப முடியாத விலை! இன்றே வாங்குங்கள்! விலைக்குத் தனிச் செய்தி அனுப்பவும்."

இரண்டாம் பதிவு: "இந்தச் சேலையின் பின்புறத்தைப் பாருங்கள். ஒரு புட்டாவிலிருந்து அடுத்த புட்டாவுக்கு நூல் ஓடவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே கையால் நெய்யப்பட்டது. பாவு பட்டு, ஊடை பருத்தி. சரிகை வெள்ளிச் சரிகை அன்று. நீளம் ஐந்தரை மீட்டர். இரவிக்கைத் துணி தனி. சந்தேரியில் எங்கள் சங்கத் தறியில் பன்னிரண்டு நாளில் நெய்தது. அஞ்சல் செலவு உட்பட விலை ரூ. 6,500. இந்நிறத்தில் இரண்டு சேலைகள் உள்ளன. கீழுள்ள எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினால் அன்று மாலைக்குள் விடை தருவோம்."

முதற்பதிவில் நான்கு வியப்புச் சொற்றொடர்கள் இருந்தும் ஒரு செய்திகூட இல்லை. இரண்டாம் பதிவு வாங்குவோருக்குத் துணியைச் சோதிக்கும் முறையையே கற்பிக்கின்றது. அதனைப் படித்தவர் அடுத்த முறை வேறொரு கடையில் சேலையைக் காணும்போதும் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார். "வெள்ளிச் சரிகை அன்று" என்னும் ஒப்புதல் விற்பனையைக் கெடுக்கும் எனச் சிலர் அஞ்சலாம். ஆனால் குறையொன்றைத் தாமே கூறுபவரின் ஏனைய சொற்களுக்கும் மதிப்புக் கூடுகிறது. பின்னர் எழக்கூடிய தகராறும் தவிர்க்கப்படுகிறது.

சட்டம் வகுக்கும் எல்லை

சமூக ஊடகப் பதிவும் விளம்பரமே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பெற்றது. தவறான வழியில் செலுத்தும் விளம்பரத்துக்கு அது ரூ. 10 இலட்சம் வரையிலும், மீண்டும் தவறிழைத்தால் ரூ. 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். 2022 ஜூனில் வெளியிடப்பெற்ற நெறிமுறைகள், கையிருப்பில் போதுமான அளவு இல்லாத பொருளைக் குறைந்த விலை காட்டி விளம்பரம் செய்வதையும், 'இலவசம்' என்னும் சொல்லைத் தவறாகக் கையாள்வதையும் கட்டுப்படுத்துகின்றன. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர், அந்தத் தொடர்பைப் பதிவிலேயே தெரிவித்தல் வேண்டும். இணைய வணிகத்திற்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்பவர் தம்மை வாங்கியவர்போல் காட்டிக்கொண்டு பாராட்டுரை எழுதலாகாது.

கைத்தறிக்கு மேலும் சில காப்புகள் உள்ளன. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 வகைப் பொருள்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பெற்றுள்ளன. பட்டு முத்திரை 2004-இலும், கைத்தறி முத்திரை 2006-இலும், இந்தியக் கைத்தறி முத்திரைப்பெயர் 2015-இலும் நடைமுறைக்கு வந்தன. புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்துதல் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்கு உரிய குற்றமாகும். உரிமை பெற்ற நெசவாளர் இம்முத்திரைகளின் படத்தைப் பதிவில் சேர்ப்பதோடு, அவை எதனை உறுதிசெய்கின்றன என்று ஒரு வரியில் விளக்குதலும் வேண்டும். முத்திரையின் பொருளை அறியாத வாங்குவோருக்கு அது வெறும் சித்திரமே.

பயனை அளத்தல்

பதிவைப் பலர் விரும்பினர் என்பது விற்பனைக்கு அளவுகோல் ஆகாது. ஒரு சாதாரணக் குறிப்பேட்டில் மூன்று எண்களை எழுதி வந்தாலே போதும்: பதிவைப் பார்த்தவர் எத்தனை பேர், விசாரித்தவர் எத்தனை பேர், வாங்கியவர் எத்தனை பேர்.

பார்த்தவரே குறைவாயின் முதல் வரியையும் படத்தையும் மாற்ற வேண்டும். பலர் பார்த்துச் சிலரே விசாரித்தால், விலையோ விவரமோ விடுபட்டிருக்கக்கூடும். பலர் விசாரித்தும் எவரும் வாங்காவிடில், விடை தாமதமாகச் சென்றதா, அஞ்சல் செலவு பின்னர்க் கூறப்பட்டதா என்று ஆராய்தல் வேண்டும். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எந்த மாற்றம் பயன் தந்தது என்பது விளங்காது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தலே முறை. ஒரு முறை வாங்கியவர் மீண்டும் வாங்கினாரா என்பதையும் குறித்து வைத்தல் நன்று.

அலுவலர்க்குச் சில யோசனைகள்

கைத்தறித் துறையிலும் சுய உதவிக் குழுக்களிலும் பணிபுரியும் அலுவலர்கள், நெசவாளருக்காகப் பதிவுகளைத் தாமே எழுதித் தருவதைக் காட்டிலும், எழுதும் பழக்கத்தை அவரிடம் வளர்த்தல் பயன் தரும். பயிற்சியைக் கணினி அறையில் தொடங்காமல் தறியருகே தொடங்கலாம். "இச்சேலையில் மற்றவர் செய்ய முடியாதது யாது?" என்று நெசவாளரைக் கேட்டு, அவர் வாய்மொழியாகக் கூறும் விடையை அப்படியே குறித்துக்கொண்டால், முதற்பதிவு பெரும்பாலும் அதிலேயே அமைந்துவிடும். எழுதப் பழகாதவர் அவ்விடையையே குரலாகவோ காணொளியாகவோ பதிவு செய்யலாம். பதிவில் இடம்பெறுவோரின் சம்மதத்தைப் பெறுதலும், வறுமையைக் காட்டி இரக்கம் தேடுவதைத் தவிர்த்தலும் அவசியம். இரக்கத்தால் ஒரு சேலை விற்கலாம். தொழிலின் மதிப்பால்தான் அடுத்த சேலை விற்கும்.

ஆகஸ்ட் 7-ஆம் நாள் 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்பெற்று வருகிறது. 1905-இல் அதே நாளில் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக அந்நாள் தேர்ந்தெடுக்கப்பெற்றது. அன்று, நம் நாட்டுத் துணியை வாங்குங்கள் என்னும் வேண்டுகோள் பொதுக்கூட்டங்களின் வழியே மக்களை அடைந்தது. இன்று அவ்வேண்டுகோளை நெசவாளரே தம் கைப்பேசியிலிருந்து விடுக்க இயலும். உள்ளதை உள்ளபடி, சுருக்கமாக, சரிபார்க்கும் வகையில் எழுதக் கற்றுக்கொண்டால், அவருடைய உழைப்புக்கு உரிய விலையைத் தயங்காமல் கேட்கும் வலிமையும் அவருக்கு உண்டாகும்.