உதவி கேட்பதும் உதவுவதும்

விலையின்றிக் கிடைக்கும் கணிப்பொறி மென்பொருள்கள் பலவற்றைத் தன்னார்வலர்களே உருவாக்கிப் பேணி வருகின்றனர். 1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இத்தகைய பணியில் ஈடுபடுவோர் பலர் அலுவலகமும் குடும்பமும் போக எஞ்சிய நேரத்தையே நமக்குத் தருகின்றனர். அந்த நேரம் வீணாகாதபடி கேட்க வேண்டும். கேட்பவர் மனம் நோகாதபடி விடை சொல்ல வேண்டும்.

கேட்கும் முறை

"தமிழ் சரியாக வரவில்லை, அவசரம், உதவுங்கள்" என்று எழுதினால் யாரால் உதவ முடியும்? அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "டெபியன் 12, லிப்ரே ஆபிஸ். 'கொடி' என்ற சொல் திரையில் சரியாக இருக்கிறது. அச்சிட்டால் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் விழுகிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை." படிப்பவருக்கு உடனே தெளிவு பிறக்கிறது. தட்டச்சில் குறையில்லை, எழுத்துருவிலும் இருக்காது, அச்சிடும் வழியில்தான் தேடவேண்டும்.

'புட்டி' என்னும் மென்பொருளை எழுதிய சைமன் டாதம், பிழைகளைத் தெரிவிக்கும் முறை பற்றி 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். கண்டதைக் கண்டபடி சொல்லவேண்டும், ஊகத்தைத் தனியே சொல்லவேண்டும், பிழைச்செய்தியை எழுத்து மாறாமல் தரவேண்டும் என்பவை அதன் சாரம்.

குறை தீர்ந்தபின் எது பயன்பட்டது என்று தெரிவித்து நன்றி சொல்லுங்கள். அடுத்து அதே இடரில் சிக்குபவருக்கு அதுவே விடையாகும்.

உதவும் முறை

"கையேட்டைப் படி" என்பது விடையாகாது. எந்தப் பகுதியைப் படிக்கவேண்டும் என்று காட்டுவதே விடை. உறுதியாகத் தெரியாததை ஊகம் என்றே சொல்லுங்கள்.

லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் கடுஞ்சொல்லுக்குப் பேர்போனவர். 2018 செப்டம்பரில் அவரே அதற்காக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் பணியிலிருந்து ஒதுங்கியிருந்தார். டெபியன் குழுவினரோ 2014இலேயே வாக்கெடுத்து நடத்தை நெறிகளை ஏற்றனர். பிறரை மதித்தல், நல்லெண்ணத்துடன் அணுகுதல், சுருங்கச் சொல்லுதல் ஆகியவை அவற்றுள் சில.

இன்று தயங்கித் தயங்கிக் கேட்பவரே நாளை பிழை திருத்துபவராகலாம், தமிழாக்கத்துக்குக் கைகொடுப்பவராகலாம். சுடுசொல்லால் அவரை விரட்டிவிட்டால், இப்பணியைத் தொடர ஆளிராது. கேட்பவரும் தருபவரும் இதை நினைவில் கொள்வோமாக.