ஐதாக்கல்: தோட்டம் கற்பிக்கும் கதைப் பாடம்

ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் 1890 இல் இலங்கைக்கும் வந்து சென்றவர். 1892 இல் அவர் மொஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள மெலிகோவோவில் ஒரு காணியை வாங்கினார். மருத்துவராக நோயாளரைப் பார்ப்பதும், வசந்தத்தில் பனி உருகியதும் மரங்கள் நடுவதும், கதை எழுதுவதுமாக அங்கே 1899 வரை வாழ்ந்தார்.

அக்காலத்தில் அவர் எழுதிய 'கறுப்புத் துறவி' என்ற கதையின் தொடக்கத்தில் ஒரு வசந்த கால இரவு வருகிறது. பழமரங்கள் பூத்திருக்கின்றன. விடியுமுன் உறைபனி விழுந்தால் பூக்கள் கருகிவிடும். ஆகவே தோட்டம் முழுவதும் புகை மூட்டுகிறார்கள். தோட்டம் அழகானது என்று சொல்வதோடு செக்கோவ் நிற்கவில்லை. அதைக் காக்க மனிதர் படும் பாட்டையும் காட்டுகிறார். கதை எழுத விரும்பும் நமக்கு இது முதற்பாடம்.

நமது நாட்டில் அத்தகைய வசந்தம் இல்லை. ஒக்டோபரில் பெரும்போக மழை தொடங்கும்போது வீட்டுத் தோட்டங்களில் விதைக்கிறோம். முள்ளங்கி விதையை நெருக்கமாகத் தூவினால் எல்லாம் முளைக்கும். அப்படியே விட்டால் இலைதான் செழிக்கும், கிழங்கு பருக்காது. எனவே நல்ல நாற்றுகளிலும் சிலவற்றைப் பிடுங்கி இடைவெளி விட வேண்டும். இதுவே ஐதாக்கல். களை பிடுங்குவது இலகு, நல்ல நாற்றைப் பிடுங்கத்தான் கை தயங்கும்.

சென்ற தவணையில் நான் எழுதிய முதற்கதை, வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்ற ஓர் உம்மாவைப் பற்றியது. ஆறு பக்கங்கள். நிலவு, கடல், தென்றல் எல்லாம் அதில் இருந்தன. "எந்த வரியை எடுத்தாலும் கதை நிற்கும் என்று பாருங்கள்" என்றார் ஆசிரியை. நான் ஆசையோடு எழுதிய வரிகளே முதலில் அகப்பட்டன. மனமில்லாமல்தான் வெட்டினேன். மூன்று பக்கங்கள் எஞ்சின. உம்மாவின் முக்காட்டைக் கழுவ விடாமல், மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் சிறுமி அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தாள்.

அதை வாசித்த தோழி எதுவும் பேசாமல் கொப்பியைத் திருப்பித் தந்தாள். அவளது உம்மாவும் வெளிநாட்டில்தான். நிலவு வரிகளை விட்டிருந்தால், அவளுடைய துயரத்தை வைத்து என் சொல்லழகைக் காட்டியவளாகியிருப்பேன்.

ஆகவே தோழியரே, முதல் வரைவைத் தாராளமாக எழுதுங்கள். விதைக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு வாரம் கொப்பியை மூடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும், "நீ இக்கதைக்கு என்ன செய்கிறாய்?" என்று கேளுங்கள். விடை இல்லாததை எடுத்துவிடுங்கள். ஆனால் எறிந்துவிட வேண்டாம். பிடுங்கிய கத்தரி நாற்றை வேறு பாத்தியில் நடுவதில்லையா? எனது நிலவு வரிகளும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கதைக்காகக் காத்திருக்கின்றன.