தட்டில் எவ்வளவு? எடை குறைக்க விரும்புவோருக்கு ஒரு கணக்கு



சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி என்று நமது மருத்துவமனைக்கு வருகிற பலரிடம் மருத்துவர்கள் முதலில் சொல்வது, "எடையைக் குறையுங்கள்" என்பதே. சீட்டை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்ததும் அவர்கள் என்னிடம் கேட்பது, "ஐயா, அப்படீன்னா ஒரு நாளைக்கு எத்தனை கலோரிங்க சாப்பிடறது?" நல்ல கேள்வி. இதற்குப் பலர் கண்டுபிடிக்கும் விடைதான் சரியில்லை. யாருக்கோ எழுதிக் கொடுத்த 1200 கலோரிச் சீட்டை நகல் எடுத்து, வீட்டில் எல்லாரும் அதையே பின்பற்றத் தொடங்கிவிடுகிறார்கள். கணக்கு அவரவர் உடம்பிலிருந்தும், அவரவர் செய்யும் வேலையிலிருந்தும் தொடங்க வேண்டும்.

இந்தியருக்கு எவ்வளவு உணவு தேவை என்று ஆராய்ந்த கூடம் நமக்கு அருகில்தான் பிறந்தது. 1918-இல் குன்னூரில் மெக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய ஆய்வகம் அது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இயங்குகிறது. அதன் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையானால் நாளொன்றுக்கு 1660 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்பானால் 2130. 65 கிலோ ஆணுக்கு இவை முறையே 2110, 2710.

எந்தத் தொழில் எந்த வகை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய பட்டியலைப் பாருங்கள். நெசவாளர் நடுத்தர உழைப்பில் இருக்கிறார். தையல்காரரோ உட்கார்ந்த வேலையில். (குருமாரும் அதே வரிசையில்தான் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை!) திருப்பூரின் கதையே இதில் அடங்கியிருக்கிறது. தறியிலும் தோட்டத்திலும் நின்று உழைத்த தாயின் மகள், இன்று பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பவர் மிஷினில் உட்காருகிறாள். களைப்பு இருவருக்கும் ஒன்றுதான். தோளும் இடுப்பும் கடுக்கிறது என்றால் பொய்யில்லை. ஆனால் உடம்பு எரிக்கும் கலோரியோ ஏறக்குறைய 470 குறைந்துவிட்டது. தட்டில் விழும் சோறு மட்டும் அம்மாவின் அளவாகவே நிற்கிறது.

இனி ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். வயது 45, உயரம் 155 செ.மீ., எடை 70 கிலோ உள்ள ஒரு தையல் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1990-இல் அமெரிக்காவில் மிஃப்லின் என்பவரும் உடன் பணியாளரும் வெளியிட்ட சூத்திரம் இது: எடையைப் பத்தால் பெருக்கினால் 700. உயரத்தை 6.25-ஆல் பெருக்கினால் 969. இரண்டையும் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கி வரும் 225-ஐயும், பெண்களுக்கு மேலும் 161-ஐயும் கழிக்க வேண்டும். (ஆண்களானால் 161-ஐக் கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும்.) விடை 1283. சும்மா படுத்திருந்தாலும் உடம்பு செலவிடும் கலோரி இது. வெளிநாட்டுச் சூத்திரங்கள் நம்மவருக்குச் சற்று அதிகமாகவே காட்டும் என்பதால் நூற்றுக்கு ஐந்து குறைத்தால் 1220. உட்கார்ந்த வேலைக்கு இதை 1.4-ஆல் பெருக்க, ஏறக்குறைய 1700. எடை மாறாமல் இருக்க அவருக்குப் போதுமான உணவு இவ்வளவே.

எடை குறைய, இதில் 300 முதல் 400 வரை கழித்து 1300 அல்லது 1400-இல் நிற்கலாம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி குறைய வேண்டுமாகையால், மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோவே இறங்கும். முதல் வாரத்தில் வேகமாக இறங்குவதில் பெரும்பகுதி நீர். எடை குறையக் குறைய உடம்பின் தேவையும் குறையும். ஆகவே மூன்று, நான்கு கிலோ குறைந்ததும் கணக்கை மறுபடி போட வேண்டும். 70 கிலோவில் மூன்றரை கிலோ குறைந்தாலே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நன்மை தெரியும்.

அந்த 400-ஐ எங்கே கழிப்பது? சோற்றைப் பாதியாக்கிப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்ந்த ஒரு டீ சுமார் 100 கலோரி. கம்பெனி டீ நேரம் இரண்டு, வீட்டில் இரண்டு என்றாலே 400 ஆகிவிடுகிறது. கூடவே வடையோ போண்டாவோ வந்தால் தனிக்கணக்கு. எண்ணெயை அளக்க மளிகைச் சீட்டே போதும். நான்கு பேர் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி. மூன்று லிட்டராக்கினால் சுமார் 205. பருப்பு, கொள்ளு, முட்டை, மோர் இவற்றைக் குறைக்கக் கூடாது. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் அல்ல என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விடுதியில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளில் 150 செ.மீ. உயரத்துக்கு 40 கிலோ மட்டுமே இருப்பவர்கள் உண்டு. அவர்கள் எடை கூட வேண்டியவர்கள். சோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உணவைக் குறைக்கலாகாது. முயற்சியே இல்லாமல் எடை இறங்கினால் மகிழ வேண்டாம். காசநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கி விழக்கூடும். லெந்து நாட்களில் உபவாசிக்கும் நம் சபையார் பலருக்கும் இது பொருந்தும். உபவாசம் தொடங்குமுன்னே மருந்துச் சீட்டுடன் மருத்துவரைப் பாருங்கள். வியர்வையும் நடுக்கமும் வந்தால் உபவாசத்தை அந்த நிமிடமே முறித்து, மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டு, யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.